நாக்குக்குக் கம்பெனி மாறியது தெரியாது

முதல் நாளே மானம் போனது

மெடிக்கல் ரெப்ரசன்டேடிவ் வேலையில் எனக்கு இருபத்தேழு வருஷ சர்வீஸ். அதில் பதினைந்து வருஷம் ஒரு கம்பெனியில், பாக்கியெல்லாம் இன்னொன்றில். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. இரண்டுமே குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் விற்றன. உள்ளே இருந்த மருந்தும் ஒன்றுதான். பழைய கம்பெனி சிரப்பில் ஆரஞ்சு வாசனை வரும், புதிய கம்பெனி சிரப்பில் ஸ்ட்ராபெரி வாசனை வரும். ஆகவே ஆரஞ்சு கம்பெனி, ஸ்ட்ராபெரி கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்களும் எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "ஆரஞ்சை உள்ளே வரச் சொல்லு" என்றால் நான் போவேன்.

நாற்பது வயதில் ஆரஞ்சை விட்டு ஸ்ட்ராபெரியில் சேர்ந்தேன். ட்ரெயினிங் முடிந்து ஃபீல்டில் முதல் நாள். செம்பூரில் ஒரு குழந்தைகள் டாக்டர். இன்னும் பிராக்டிஸ் செய்கிறார், பெயர் வேண்டாம். கிழக்கு மும்பையில் பாதிக் குழந்தைகள் அவரிடம்தான் ஊசி போட்டுக்கொண்டு அழுதிருக்கின்றன. பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் ஸ்ட்ராபெரிக்காரர்கள் என்னை எடுத்தார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று என்னுடன் புதிய மேனேஜர் காமத் மேடமும் வந்தார். ரெப் வேலை செய்வதை மேனேஜர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஜாயிண்ட் வொர்க் என்று பெயர். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் தோசை சுடுவது மாதிரி இருக்கும். மேடம் என்னைவிட ஆறு வயது சின்னவர், ஆனால் நான்கு மடங்கு கறார்.

உள்ளே போனோம். டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிஷம். அதற்குள் மருந்தின் பெருமையை டாக்டர் காதில் ஏற்றிவிட வேண்டும். இதற்கு டீடெய்லிங் என்று பெயர். கம்பெனியே இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும். ஒரு வார்த்தை பிசகக் கூடாது.

பையைத் தூக்கினேன். "குட் மார்னிங் டாக்டர்" என்றேன். அதற்கப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

"வென் தி சைல்ட் பர்ன்ஸ், தி மதர் மெல்ட்ஸ். ரியல் ஆரஞ்சு டேஸ்ட், நோ கிரையிங், நோ ஸ்பிட்டிங். அன்லைக் ரெட் சிரப்ஸ், நோ ஸ்டெயின் ஆன் பேபீஸ் ஷர்ட், டாக்டர்!"

பழைய கம்பெனியின் பாட்டு. அப்படியே, அட்சரம் பிசகாமல், ஏற்ற இறக்கத்தோடு. சிவப்பு சிரப் குழந்தையின் சட்டையில் கறை படியும் என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் காமத் மேடம் எங்கள் சிவப்பு சிரப்பின் சாம்பிள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டருக்கு ஆரஞ்சு ஞாபகமிருக்கட்டும் என்ற கடைசி வரியையும் சொல்லி, சிரித்து, தலையைச் சாய்த்துவிட்டுத்தான் எனக்கே விஷயம் உறைத்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பேஷ். ரொம்ப நன்னாச் சொன்னேப்பா. ஆரஞ்சையே எழுதிடறேன், சரியா?"

வெளியே படிக்கட்டில் மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முத்து, யே க்யா தா?" என்றார். இது என்னது என்று கேட்கிறார். எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? பிறகு ஹிந்தியிலேயே நிதானமாகச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து இதே டாக்டரிடம் வருவோம். மேடமும் கூட இருப்பார். அப்போதும் என் வாயில் ஆரஞ்சு வந்தால் என் புரொபேஷனும் வேலையும் அன்றோடு முடிந்தன.

முடிந்தால் நான் எங்கே போவேன்? ஆரஞ்சு ஆபீஸுக்குத் திரும்பிப் போய், ராஜினாமாக் கடிதத்தை யார் மேஜையில் வீசிவிட்டு வந்தேனோ அதே மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட தேவ்நார் ஆட்டுச் சந்தையில் ஆடு மேய்க்கலாம் என்று தோன்றியது.

தப்பில்லாமல் சொன்னால் அது ஜீரோ

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வைத்தியநாதன் சார். மும்பைத் தமிழ் ஆபீஸர்கள் வாழும் மாட்டுங்காவைச் சேர்ந்தவர். அவர் அப்பா காலத்திலிருந்தே ஆபீஸ் குடும்பம். சட்டையில் சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை.

நான் தாராவியில் முனிசிபல் ஸ்கூலில் தமிழில் படித்தவன். சொந்தப் பெயர் சுடலைமுத்து. விசிட்டிங் கார்டில் எஸ். முத்து. சேர்ந்த புதிதில் டீடெய்லிங்கின் அர்த்தம் எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தால் தாய் ஏன் உருகுகிறாள், சிரப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு தப்பும் இல்லாமல் முழுதாகச் சொல்லிவிட்டேன். பெருமையாக நின்றேன்.

"வந்துடுத்தா?" என்றார் சார்.

"வந்திருச்சு சார்."

"பேஷ். இது ஜீரோ. இப்பதான் எண்ண ஆரம்பிக்கணும். நூறு சொல்லு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் கணக்கில், தப்பில்லாமல் சொல்லும்வரை நடப்பதெல்லாம் கணக்கிலேயே வராது. முதல் தடவை சரியாக வந்தால் ஜீரோ. அதற்கு மேல் நூறு. "இன்னிக்குத் தெரியறது பெரிசில்லடா. ஆறு மாசம் கழிச்சு, பசில, மழைல நனைஞ்சு, டாக்டர் உன்னைத் திட்டிண்டிருக்கும்போது வருதா? அதுதான் தெரியறது" என்பார். நாங்கள் சொல்லும்போது ஸ்டீல் டிபன் மூடியை மேஜையில் தட்டுவார். ஃபேனை நிறுத்துவார். நடுவில் "உன் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்பார். நின்றால் மறுபடி ஜீரோ.

எங்கள் பேட்சில் ஆறு பேர். ஆறு பேரும் அவரை மனதாரத் திட்டினோம். நான் தண்ணீர் குழாய் வரிசையில் நின்று சொன்னேன், ஹார்பர் லைன் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு சொன்னேன். அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவி பேச்சியம்மாளுக்கு ஏ, பி, சி, டி தாண்டி இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரே மாதத்தில் முழு டீடெய்லிங்கும் அவளுக்கு மனப்பாடம். பிறகு மகள் பிறந்தபோது அதையே தாலாட்டாகப் பாடித் தூங்கவைத்தாள். தாய் உருகுகிறாள் என்ற இடத்தில் ராகம் இழுப்பாள்.

சாரின் பைத்தியக்காரத்தனம் பலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை டெங்கு வந்து ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தேன். எழுந்து போன முதல் நாள் என் டூ-வீலர் எங்கே நிறுத்தியிருக்கிறது என்பதே மறந்துவிட்டது. டீடெய்லிங் மட்டும் தண்ணீராக வந்தது.

அப்படிப்பட்டவனுக்குப் பதினைந்து வருஷத்தில் ஒரு ப்ரமோஷன் வரவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் சாரிடம் போய் நிற்பேன். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். எனக்குப் பின்னால் வந்தவர்கள், ஐம்பது தடவைகூடச் சொல்லாதவர்கள், மேனேஜராகி எனக்கே மெயில் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதனால்தான் ராஜினாமாக் கடிதத்தை வீசினேன்.

பாஸ் மார்க்

ஸ்ட்ராபெரியில் ட்ரெயினிங் ஒரு ஸ்டார் ஹோட்டலில் நடந்தது. ஏசி ஹால், பஃபே, கழுத்தில் அட்டை. கடைசி நாள் ஆளுக்கொரு தடவை டீடெய்லிங் சொல்ல வேண்டும். நான் ஒரு தப்பில்லாமல் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். சர்ட்டிஃபிகேட் கொடுத்தார்கள்.

அதாவது, வைத்தியநாதன் சார் கணக்கில் நான் ஜீரோவில் நின்றேன். அந்த ஜீரோவோடுதான் செம்பூர் டாக்டர் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கோவண்டி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பேச்சி முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுக்களைக்குள் போய் அங்கேயும் சிரித்தாள். பிறகு புரொபேஷன் விஷயத்தைச் சொன்னதும் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, இப்பம் புதுசு சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன். "குட் மார்னிங் டாக்டர். ஒன் ஸ்பூன், ஒன் ஸ்மைல், ஒன் ஸ்லீப்பிங் ஹவுஸ்…" முழுதாக வந்தது.

"நல்லாத்தான சொல்லுதீய? பெறவு என்ன?"

"இன்னொரு தடவ சொல்லுதேன் கேளு." சொன்னேன். இரண்டாவது வரியில் தாய் உருகிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் பதினோரு தடவை சொன்னேன். நான்கில் ஆரஞ்சு வந்தது. பேச்சி வற்றல் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கவனித்தாள். பிறகு நான் இத்தனை வருஷத்தில் எந்த ட்ரெயினிங்கிலும் கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

"எல்லாத் தடவயும் ஒரே எடத்துலதான் வழுக்குதீய. அந்தக் குட் மார்னிங் டாக்டர்லதான். ரெண்டுக்கும் மொதல் வரி ஒண்ணுல்லா?"

வடாலா ஸ்டேஷன் வரைக்கும் எல்லா ஹார்பர் வண்டியும் ஒரே தண்டவாளத்தில்தான் வரும். அதற்கப்புறம் ஒன்று கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போகும், ஒன்று செம்பூர் பக்கம் போகும். என் நாக்கு பதினைந்து வருஷமாக ஒரே பக்கம் போய்ப் பழகிய வண்டி. குட் மார்னிங் டாக்டர் என்றதும் தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"அப்பம் மொத வரிய மாத்துங்க. வணக்கம் டாக்டர்னு சொல்லுங்க. அவரு தமிழருதான?"

"கம்பெனி எழுதிக் குடுத்தத மாத்தக் கூடாது பேச்சி."

"வேல போனா மட்டும் கம்பெனி வந்து ஒல வைக்குமோ?"

மாற்றினேன்.

இங்கிலீஷில் சண்டை

பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலு நாள் முயற்சி செய்தேன். ஆரஞ்சை நினைக்கவே கூடாது என்று உட்கார்ந்தால் ஆரஞ்சைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. பதினைந்து வருஷம், ஒரு நாளைக்குப் பத்து டாக்டர். அதை அழிக்க என்னிடம் ரப்பர் இல்லை. அது அங்கேயே கிடக்கட்டும், புதியது அதை முந்திக்கொண்டு வந்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

பேச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் ஸ்ட்ராபெரி சொல்ல வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதே நேரத்தில், என்னைவிடச் சத்தமாக, ஆரஞ்சு சொல்வாள். நான் மாறக் கூடாது. ஒரு தடவை தப்பில்லாமல் முடித்தால் ஒரு மிளகாய்க் காம்பைத் தனியாக எடுத்து வைப்பாள். தப்பினால் சேர்த்த காம்பையெல்லாம் குப்பையில் போடுவாள். வைத்தியநாதன் சாரிடம்கூட இவ்வளவு கொடூரம் கிடையாது.

ஐந்தாம் நாள் பதினேழு காம்பு. ஆறாம் நாள் குப்பை. ஏழாம் நாள் முப்பத்திரண்டு. அன்று எனக்கு அலுத்துவிட்டது.

"வந்திருச்சு பேச்சி. போதும். போற அன்னைக்கி ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டுப் போயிருவேன்."

"வந்திருச்சுங்கியளா? அன்னைக்கிப் போவும்போதும் இதத்தான் சொன்னீய."

மிக்ஸியைப் போட்டாள். மறுபடி ஆரம்பித்தோம். வேடிக்கை என்னவென்றால், நன்றாக வந்துவிட்ட ஒன்றைத் திரும்பச் சொல்வதுதான் உலகத்திலேயே சலிப்பான வேலை. தெரியாததைப் படிக்கும்போது ஏறுவது கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லும்போது ஒன்றும் தெரியாது. ஐம்பதாவது தடவைக்கும் எழுபதாவது தடவைக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி இருக்கும். எனக்குக் கொட்டாவி வரும். கொட்டாவியோடும் சொல்ல வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்பிப்பொடி வாங்க கிங்ஸ் சர்க்கிள் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தெருவிலேயே ஆரம்பித்தாள். நான் ஒரு பக்கம் ஒன் ஸ்பூன், ஒன் ஸ்மைல். அவள் ஒரு பக்கம் சைல்ட் பர்ன்ஸ், மதர் மெல்ட்ஸ். அவள் சத்தத்தைக் கூட்ட, நானும் கூட்டினேன். பூக்கடைக்கார அம்மா கனகாம்பரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"ஏம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையத் தமிழ்ல போடக் கூடாதா? நாலு பேரு தீத்து வைப்போம்ல?"

பேச்சி நிறுத்தவில்லை. கடைசி வரி வரை சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னாள். நானும் நிறுத்தவில்லை. அது தொண்ணூற்றொன்றோ தொண்ணூற்றிரண்டோ. நூறுக்கு மேல் எத்தனை போனோம் என்று தெரியாது. மிளகாய் தீர்ந்துவிட்டது.

இரண்டு சிரப்பும் ஒரே அறையில்

பதினைந்தாம் நாள் காமத் மேடத்தோடு செம்பூர் க்ளினிக்குக்குப் போனேன். வெயிட்டிங் பெஞ்சில் வைத்தியநாதன் சார் உட்கார்ந்திருந்தார். சட்டையில் சுருக்கம் இல்லை. மடியில் ஆரஞ்சுப் பை.

என் பழைய இடத்துக்கு ஆரஞ்சுக்காரர்கள் இன்னும் ஆள் போடவில்லை. அதுவரை மேனேஜரே ஏரியாவைப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

கம்பவுண்டர் வந்து ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி இரண்டு பேரையும் டாக்டர் சேர்ந்து வரச் சொல்கிறார் என்றான். டாக்டருக்கு அன்று கூட்டம் குறைவு, குறும்பு அதிகம்.

"வாங்கோ, வாங்கோ. போன தடவை இவர் உங்க மருந்தைச் சொல்லிட்டுப் போயிட்டார், சார். ரொம்ப நன்னா இருந்தது. குருநாதர் வாயால கேட்டா இன்னும் நன்னா இருக்குமே. முதல்ல நீங்க."

வைத்தியநாதன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குட் மார்னிங் டாக்டர். வென் தி சைல்ட் பர்ன்ஸ், தி மதர் மெல்ட்ஸ். ரியல் ஆரஞ்சு டேஸ்ட், நோ கிரையிங், நோ ஸ்பிட்டிங்…"

நின்றுவிட்டார்.

டாக்டர் காத்திருந்தார். சார் விஷுவல் எய்டை, அதாவது டாக்டருக்குக் காட்டும் படப் புத்தகத்தை, புரட்டினார். அவர் தேடிய வரி அந்தப் பக்கத்தில் இல்லை. "நோ கிரையிங், நோ ஸ்பிட்டிங்" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. நூற்றுக்கணக்கான ரெப்புகளை நிற்க வைத்து டிபன் மூடியைத் தட்டிய மனுஷன், ஒரு வரிக்காக அந்த அறையில் திண்டாடிக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பதினைந்து ஏப்ரல் மாதத்துக்கு ஒரே நாளில் கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் அரை நிமிஷம் ஒரு வரி காலியாகக் கிடந்தால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"அன்லைக் ரெட் சிரப்ஸ், நோ ஸ்டெயின் ஆன் பேபீஸ் ஷர்ட், டாக்டர்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் மேனேஜர் பக்கத்தில் நிற்க, என் சிவப்பு பாட்டில் என் கையில் இருக்க, சிவப்பு சிரப் கறை படியும் என்று அதே டாக்டரிடம் இரண்டாவது தடவை சொன்னேன். காமத் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் ரிலீவிங் ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருந்தது. சார் மீதி வரியைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

டாக்டர் சிரித்து முடிக்க நேரமானது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரிப்பா. இப்ப உன்னோடதைச் சொல்லு. உன்னோடதுன்னா எதுன்னு தெரியுமோல்லியோ?"

காதில் ஆரஞ்சு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. இதைவிட மோசமான நேரம் கிடையாது. வாயைத் திறந்தால் தாய் உருகுவாள் என்று நானே நினைத்தேன்.

"வணக்கம் டாக்டர்" என்றேன்.

ஒன் ஸ்பூன் வந்தது. ஒன் ஸ்மைல் வந்தது. பின்னால் கூட்டமாக எல்லாம் வந்தன. நடுவில் கம்பவுண்டர் கதவைத் திறந்து யாரோ ஒரு குழந்தைக்கு வாந்தி என்று கத்தினான். வைத்தியநாதன் சார் பக்கத்தில் பையின் ஜிப்பை இழுத்தார். ஒன்றும் என்னை அசைக்கவில்லை. பேச்சி மிக்ஸியையும் போட்டுக்கொண்டு ஆரஞ்சு பாடும்போது சொன்னவனுக்கு இந்தச் சத்தமெல்லாம் எம்மாத்திரம்? கடைசி வரி வரை ஒரு எழுத்து பிசகவில்லை. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கேதான் மூச்சு விட்டேன். முடிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சல் சிரப்பைப் பற்றிப் பேசிக் கண் கலங்கிய ரெப் அநேகமாக நான் ஒருவன்தான்.

டாக்டர் லெட்டர்பேடை இழுத்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சும் இல்லை, ஸ்ட்ராபெரியும் இல்லை. அவர் வீட்டுக்கு வாங்க வேண்டிய காய்கறிப் பட்டியல்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "கன்ஃபர்ம் கர் தூங்கி. லேகின் காம்பெட்டிஷன் கோ ப்ராம்ப்டிங் நஹி." வேலையை உறுதி செய்கிறேன், ஆனால் இனிமேல் எதிராளிக்கு எடுத்துக் கொடுக்காதே. போனில் யாருடனோ பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் போனார்.

படிக்கட்டில் ஒரு பேச்சு

திரும்பிப் பார்த்தால் வைத்தியநாதன் சார் படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றார்.

"புதுசை எத்தனை தடவை சொன்னே?"

"நூறுக்கு மேல சார். எண்ணல."

"நான் கடைசியா எப்பச் சொன்னேன்னு யோசிச்சுண்டிருக்கேன். மேனேஜர் ஆனதுக்கப்பறம் சொல்லவே இல்ல. நீங்கள்லாம் சொல்றதைக் கேட்டுண்டே இருந்தேனா, எனக்குத் தெரியும்னே நெனச்சுட்டேன்."

ஆரஞ்சுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"உனக்கு ப்ரமோஷன் ஏன் வரலேன்னு நீ கேக்கவே இல்லியே."

"வருஷா வருஷம் கேட்டேன் சார்."

"கேட்டே. நான் சொல்லல. ஒவ்வொரு வருஷமும் உன் ரிப்போர்ட்ல ஒண்ணுதான் எழுதுவேன். ஃபீல்டுல இவனை மாதிரிச் சொல்ல ஆளே கெடையாது, அதனால ஃபீல்டுலயே இருக்கட்டும்னு. நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதினேன்." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "நல்லது எனக்கு. உனக்கில்லை."

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. பதினைந்து வருஷம். அவர் தட்டத் தட்ட நான் சொன்னேன், சொல்லச் சொல்ல நன்றாக வந்தது, நன்றாக வந்ததாலேயே அங்கேயே ஆணி அடித்து வைத்துவிட்டார். அந்த ஆளைப் படிக்கட்டில் விட்டுவிட்டு நடந்தேன். நாலு அடி போய்த் திரும்பி வந்தேன்.

"நீங்க அந்த நூறு தடவ சொல்ல வைக்கலேன்னா இன்னைக்கி எனக்கு வேல போயிருக்கும் சார்" என்றேன். "அதுக்குத் தேங்க்ஸ். நீங்க எழுதுனத மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காதே" என்றார். அவர் ஸ்டேஷன் பக்கம் போனார், நான் டூ-வீலர் பக்கம் போனேன்.

திங்கட்கிழமை மீட்டிங்

இப்போது நானும் மேனேஜர். எனக்குக் கீழே ஒன்பது பேர். பைக்குள் பேப்பருக்குப் பதில் டேப்லெட் கம்ப்யூட்டர் இருக்கிறது, விரலால் தள்ளினால் படம் ஓடும். சார்ஜ் தீர்ந்தாலோ டாக்டர் எதிர்பாராத கேள்வி கேட்டாலோ பையன்களின் முகம் வெளிறிப்போகிறது. எல்லாம் தெரியும் சார், ஒரு தடவை பார்த்தோம் என்கிறார்கள். ஒரு தடவை பார்த்ததன் ஆயுள் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் தெரிந்த பிறகும் சொல்லச் சொல்கிறேன். என்னையும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

என் மீட்டிங்கில் விதி ஒன்றுதான். சொல்லச் சொல்கிறவன் முதலில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலையில் ஒன்பது பேர் முன்னால் நான் எழுந்து நிற்பேன். அவர்கள் மேஜையைத் தட்டலாம், விசில் அடிக்கலாம், போனில் பாட்டு வைக்கலாம். யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்கள் பெயரை அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்டில் முதலில் எழுதி அனுப்புகிறேன். போன வருஷம் இரண்டு பேர் அப்படிப் போய்விட்டார்கள். ஏரியா காலியாகி, விற்பனை விழுந்து, மேலே இருப்பவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை மூன்றாவது வரியில் என் நாக்கு நின்றுவிட்டது. ஒன்பது பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி வீடியோகூட எடுத்தாள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றிருந்தேன். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.